சிங்கப்பூர் ஸ்லிங்: பெயரைப் போடுங்கள், வருடத்தை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற கலப்பு மதுபானம் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம். நுரையும் அன்னாசித் துண்டும் செர்ரிப் பழமுமாகப் பளிச்சென்று இருந்தது. எழுத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். "1915ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் ஹோட்டலில் பணிபுரிந்த ஒரு சீன ஊழியர் இதைக் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டீர்கள். அந்தச் சீன ஊழியருக்குப் பெயர் உண்டு. நியாம் தோங் பூன். அவ்வளவு உறுதி இல்லாதது அந்த வருடம்தான். உறுதி இல்லாததை வைத்துக்கொண்டு, உறுதியானதை விட்டுவிட்டீர்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். 1976 முதல் முப்பத்தோரு வருடம் ஹோட்டல் பாரில் நின்றவன். ராஃபிள்ஸில் இல்லை, ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் வேறொரு ஹோட்டல். எத்தனை ஆயிரம் ஸ்லிங் குலுக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இன்றும் மழைநாளில் வலது தோள்பட்டை சொல்லும். அத்தனைக்கும் நான் குடிக்கிறவன் இல்லை. ஸ்ட்ராவை கிளாசில் விட்டு மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். புளிப்பு, இனிப்பு சரியா என்று தெரிந்துவிடும். நான் குடித்த ஸ்லிங் எல்லாம் அந்தச் சொட்டுகள்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு இன்று உலகம் முழுக்கப் புழங்குகிற அளவுக்கு ஏறக்குறைய ஒத்ததுதான். ஜின் 30 மில்லி, செர்ரி பிராந்தி 15, ஆரஞ்சு மதுவான குவாந்த்ரோ ஏழரை, மூலிகை மதுவான பெனடிக்டின் ஏழரை, மாதுளைச் சிரப்பான கிரெனடின் 10, எலுமிச்சைச் சாறு 15, அன்னாசிச் சாறு 120, கசப்புச் சாரமான அங்கோஸ்தூரா பிட்டர்ஸ் ஒரு சொட்டு. கூட்டிப் பாருங்கள். கிளாசில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழச்சாறும் சிரப்பும்தான். ஐஸோடு சேர்த்து மூச்சுவாங்கக் குலுக்கினால் அன்னாசி தானாக நுரை கட்டும். டின் சாறில் அந்த நுரை நிற்காது. பழத்தை வெட்டிப் பிழிந்தால் ஒரு விரல்கடை உயரத்துக்கு நிற்கும்.

சேர்ந்த இரண்டாம் வருடம் என்று நினைவு. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர் வந்து ஸ்லிங் கேட்டார். கப்பலில் வேலை பார்த்தவர், இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் இந்த ஊருக்குப் பலமுறை வந்தவராம். நான் கொடுத்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், காலையிலேயே ஜாடியில் கலந்து வைத்த கலவை. கூட்டம் அதிகமாக வரும் ஹோட்டல்களில் அப்போது அதுதான் வழக்கம். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு கிளாசைத் தள்ளி வைத்தார். கோபமில்லை. "நல்ல ஜூஸ், தம்பி. நான் கேட்டது ஸ்லிங்" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பாரின் மறுகோடியில் எங்கள் பெரியவர் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். ஹைனானியர், அதாவது தென்சீனாவின் ஹைனான் தீவுக்காரர், அறுபதை நெருங்குகிறவர். எங்களுக்குள் பேச்சு எப்போதும் பஜார் மலாய் என்கிற கொச்சை மலாயில்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து, உயரமான கிளாசில் ஐஸ் போட்டார். ஜின், செர்ரி பிராந்தி, கொஞ்சம் பெனடிக்டின், அரை எலுமிச்சை, பிட்டர்ஸ். அன்னாசி டின்னைத் தொடவே இல்லை. மேலே சோடாவை ஊற்றி நீளக் கரண்டியால் ஒரே சுற்று. கலங்கலாக இல்லாமல் மங்கிய ரோஜா நிறத்தில் நின்றது. வெள்ளைக்காரர் குடித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பெரியவர் என்னிடம் திரும்பி, "ஈனி லாமா புன்யா" என்றார். இது பழைய வகை என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. திரும்பவும் கிளாஸ் துடைக்கப் போய்விட்டார்.

அந்த 'பழைய வகை' என்ன என்று தேட எனக்கு ஓய்வுபெறும் வரை நேரம் கிடைக்கவில்லை. பிறகு நூலகமே கதி. பழைய பத்திரிகைகளை எல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், பேத்தி தேடிக் கொடுப்பாள், நான் படிப்பேன்.

1903லேயே இந்த ஊர் ஆங்கிலப் பத்திரிகையில் வெளுத்த ஆட்களுக்கான இளஞ்சிவப்பு ஸ்லிங் என்று கேலியாக ஒரு வரி வருகிறது. அந்தக் காலத்தில் 'வெளுத்தவர்களுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை' என்று ஒரு டானிக் மாத்திரை உலகம் பூராவும் விளம்பரமாகிக்கொண்டிருந்தது, அதை வைத்து அடித்த கிண்டல். 1903ல் பத்திரிகைக்காரர் கிண்டல் அடிக்கிறார் என்றால், படிக்கிறவனுக்கு அந்தச் சிவப்பு ஸ்லிங் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

1913ல் இன்னொரு துணுக்கு. இங்கே ஒரு கிளப்பில் ஸ்லிங் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். வந்தவர்கள் விடவில்லை. செர்ரி பிராந்தி ஒன்று, டோம் ஒன்று, ஜின் ஒன்று, எலுமிச்சைச் சாறு ஒன்று, ஐஸ், தண்ணீர், பிட்டர்ஸ் சில சொட்டு என்று தனித்தனியாக ஆர்டர் கொடுத்து, தாங்களே கலந்து குடித்திருக்கிறார்கள். 'டோம்' என்றால் பெனடிக்டின்தான். பாட்டில் மேல் டி.ஓ.எம். என்று பெரிதாகப் போட்டிருக்கும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பெரியவர் கை வைத்த பாட்டில்கள் அதே வரிசையில் இருக்கின்றன. ஹோட்டல் சொல்லும் 1915க்கு இரண்டு வருடம் முந்திய பத்திரிகை அது. வாடிக்கையாளருக்கே செய்முறை மனப்பாடம்!

பிறகு சரக்கு கடல் கடக்கிறது. 1922ல் லண்டனில் ராபர்ட் வெர்மேர் தம் காக்டெயில் நூலில் 'ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்லிங்' என்ற பெயரில், சிங்கப்பூரில் பிரபலமான பானம் என்று சொல்லியே கொடுக்கிறார். ஜின் எவ்வளவோ அதில் கால் பங்கு பெனடிக்டின், கால் பங்கு செர்ரி பிராந்தி, எலுமிச்சை, இரண்டு வகை பிட்டர்ஸ், மேலே சோடா. 1930ல் வந்த லண்டன் சவாய் ஹோட்டல் புத்தகத்தில் ஹாரி கிராடக் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்று தனியாக ஒன்று போடுகிறார். அதில் பெனடிக்டின் இல்லை, ஜினைப் போல் இரண்டு மடங்கு செர்ரி பிராந்தி. அதே புத்தகத்தில் ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்லிங்கும் இருக்கிறது. 1939ல் அமெரிக்கர் சார்ல்ஸ் பேக்கர், ராஃபிள்ஸில் தாம் குடித்ததென்று எழுதிய அளவில் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின், சோடா. ஆளுக்கு ஒரு கணக்கு. ஆனால் ஒன்றில்கூட அன்னாசி கிடையாது. எல்லாவற்றிலும் சோடா உண்டு.

சோடா இருந்ததில் வியப்பில்லை. ஃபிரேசரும் நீவும் இங்கே சோடாத் தண்ணீர் கம்பெனி தொடங்கியது 1883. ராஃபிள்ஸ் ஹோட்டலை ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் திறந்தது 1887. (சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கியதும் அதே 1887தான். இந்த ஊரில் உங்கள் தொழிலுக்கும் அந்த ஹோட்டலுக்கும் வயது அதிகம் வித்தியாசமில்லை.) 'ஸ்லிங்' என்ற சொல் அவர்கள் யாருக்கும் முந்தியது. மது, சர்க்கரை, தண்ணீர் சேர்ந்தால் ஸ்லிங். 1806ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 'காக்டெயில்' என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கும்போது, பிட்டர்ஸ் சேர்த்த ஸ்லிங்தான் என்று எழுதியது. ஆக, நியாம் தோங் பூன் பிறப்பதற்கு முன்பே ஸ்லிங் உண்டு. சிங்கப்பூரில் அதைச் சிவப்பாக்கியவர்கள் பலராக இருக்கலாம்.

இந்த இடத்தில் அன்னாசியைப் பற்றிப் பேசாமல் போனால் நான் குடியிருக்கும் ஊருக்குத் துரோகம். ஈசூன் என்பது லிம் நீ சூன் என்பவரின் பெயர். மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆனது. அவரை அன்னாசி ராஜா என்றே அழைத்தார்கள். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே அன்னாசி போட்டு, அந்தக் காசில் தோட்டத்தை ஓட்டினார்கள். பழம் தொழிற்சாலைக்குப் போய் டின்னில் அடைபட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதாவது ராஃபிள்ஸ் பாரில் ஸ்லிங் கலக்கிய அதே வருடங்களில் இந்தத் தீவு அன்னாசியில் மிதந்திருக்கிறது. இருந்தும் பழைய செய்முறைகளில் அன்னாசி இல்லை! என் கணிப்பு இது: தோட்டத்துக் கூலியாட்கள் சும்மா தின்கிற பழத்தை அன்றைய துரைமார் காசு கொடுத்துக் குடிக்க நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஜின் இங்கிலாந்திலிருந்து, செர்ரி பிராந்தி டென்மார்க்கிலிருந்து, பெனடிக்டின் பிரான்சிலிருந்து, பிட்டர்ஸ் டிரினிடாடிலிருந்து வர வேண்டும். நம்மூர்ச் சரக்கு என்று கிளாசில் இருந்தது எலுமிச்சையும் ஐஸும் சோடாவும்தான்.

அடுத்து உங்கள் கட்டுரையின் அந்தப் பெண்கள் கதை. அக்காலத்தில் பெண்கள் வெளியில் மது குடித்தால் மரியாதை இல்லை, அதனால் பழச்சாறு போலத் தோன்றும்படி இதைச் செய்தார்கள் என்று ஹோட்டலில் சொல்வார்கள், நீங்களும் போட்டிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் பழச்சாறே இல்லாத, சோடா ஊற்றிய பானம் எப்படிப் பழச்சாறாக வேஷம் போடும்? இன்றைய கிளாசைப் பார்த்து அன்றைக்குக் கட்டிய கதையாகவே எனக்குத் தோன்றுகிறது.

வேஷம் என்றதும் என் கதை ஒன்று. என் அப்பா நகராட்சியில் சாலை போடும் வேலை. சம்பள நாளில் அரசாங்கக் கள்ளுக்கடையில்தான் இருப்பார். கைத்தாங்கலாக அவரைக் கூட்டி வந்தது என் பத்து வயது நினைவு. நம் தலைவர்களும் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் கள்ளுக்கு எதிராக ஏன் அவ்வளவு பேசினார்கள் என்று எனக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், நான் பார் வேலை பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? 'ஹோட்டலில் ஜூஸ் கவுண்டர்' என்று சொல்லிவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா முழித்துக்கொண்டிருப்பார். கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். "என்னடா வாசனை இது?" "அன்னாசிம்மா." மூன்று வருடம் அந்தப் பழம் என்னைக் காப்பாற்றியது. நான்காம் வருடம் ஒரு கல்யாண வீட்டில் எவரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ குடிக்கிறியா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்றேன். சோறு போட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நியாம் தோங் பூனுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஹோட்டலின் புலிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1902ல் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்கள் என்பார்கள். புலி உண்மைதான், சர்க்கஸிலிருந்து தப்பி வந்தது. ஆனால் அது கிடந்தது தூண்கள் மேல் எழுப்பிய அந்தக் கட்டடத்தின் தரைக்கு அடியில். மேசைக்கு அடியில் அல்ல. ஸ்லிங் கதையும் அப்படித்தான். ஆள் உண்மை, அந்த பார் உண்மை, அவர் கை அந்தப் பானத்தில் பட்டதும் உண்மையாகவே இருக்கலாம். 'இன்ன வருடம், இவரே முதன்முதல்' என்பதுதான் மேசைக்கு அடியில் புலி.

அவர் பெயர் ஏன் எனக்கு முக்கியம் என்றால், அவரும் ஹைனானியர். சீனர்களில் ஹைனானியர்தான் இந்த ஊருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். வியாபாரம், துறைமுகம் எல்லாம் மற்றச் சீனர் கையில் இருந்தன. இவர்களுக்கு வாய்த்தது துரை வீட்டுச் சமையல், கப்பல் சமையல், காப்பிக்கடை, ஹோட்டல், பார். ராஃபிள்ஸுக்குப் பின்னால் இருக்கும் சியா ஸ்திரீட், பர்விஸ் ஸ்திரீட், மிடில் ரோடு மூன்றையும் ஹைனான் தெருக்கள் என்றே எண் போட்டு அழைத்தார்கள். முன்வாசலில் வெள்ளைக்காரன் வண்டியில் வந்து இறங்குவான். கிளாசை நிரப்புகிறவன் பின்தெருவிலிருந்து நடந்து வருவான். எங்கள் பெரியவரும் பிறந்தது அந்தத் தெருக்களில் ஒன்றில்தான்.

அந்த ஹோட்டலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதன் சுவரில் பூசியிருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு என்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை எல்லாம் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வரைபடம் போட்ட ரொனால்ட் மெக்பெர்சன் பெயர் இருக்கிறது. அந்தக் கலவையைக் கையால் அடித்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. பக்கத்து ஹோட்டலில் கலவை போட்ட ஒருவரின் பெயராவது தப்பிப் பிழைத்திருக்கிறது. அதையும் 'ஒரு சீன ஊழியர்' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையே அழித்தால் எப்படி?

மற்றபடி அன்னாசி ஸ்லிங்கை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சோறு போட்டது அதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். ராஃபிள்ஸின் லாங் பாரில் முப்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு, கச்சான் (வேர்க்கடலை) தோலைத் தரையில் போட்டு மிதிக்கிறார்கள். குப்பை போட்டால் அபராதம் கட்டும் ஊரில் அப்படி ஓர் இடம். நானும் ஓய்வுபெற்ற பிறகு மனைவியோடு ஒருமுறை போனேன். மேலே விசிறிமட்டைகள் அசைய அசைய உட்கார்ந்து, அவளுக்கு மது இல்லாத வகையும் எனக்கு அசலும் வாங்கினேன். பழக்கதோஷம், ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். இனிப்பு ஒரு பிடி தூக்கல். எலுமிச்சை இன்னும் ஐந்து மில்லி விட்டிருக்கலாம். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் மகளிடம் 1915 கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், வாயைத் திறக்காதே என்று. திறக்கவில்லை.

அன்று விட்டதை இன்று உங்களுக்கு எழுதுகிறேன். திருத்தம் போடுவதாக இருந்தால் இரண்டு வரி போதும். ஒன்று, 1915 என்பது ஹோட்டல் சொல்லும் கணக்கு. சிவப்பு ஸ்லிங் அதற்கு முன்பே இந்த ஊர்ப் பத்திரிகைகளில் இருக்கிறது. இரண்டு, நியாம் தோங் பூன் என்ற பெயர். இடம் இல்லை, ஒரு வரிதான் முடியும் என்றால் முதல் வரியை விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பார் ஊழியர்,
ஈசூன்.